ருதம்: மீற முடியாத ஒழுங்கை மனிதன் எப்படி மீறுகிறான்?

வைகறை (கேள்வி)

அவையோருக்கு வணக்கம். இயற்கையின் சமநிலையைப் பற்றிய கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் 'வேதம் அன்றே ருதம் என்று சொல்லிவிட்டது' என்னும் வரி தவறாமல் இடம்பெறுகிறது; ருதம் என்பது பேரண்ட ஒழுங்கு. அதைச் சொன்ன கையோடு பேச்சு மரம் நடுவதற்கோ ஆற்றைக் காப்பதற்கோ தாவிவிடுகிறது. எந்தப் பாடலில், யார், எந்தச் சூழலில் ருதத்தைப் பாடினார்கள் என்பதை ஒருவரும் விளக்கக் காணோம். மொழிபெயர்ப்புகளின் துணையோடு நானே சிறிது படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க ஐயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ரிக் வேதத்தில் கதிரவனும் விடியலும் ஆறுகளும் ருதத்தின் வழியே செல்கின்றன, தேவர்களும் அதற்கு உட்பட்டே நடக்கிறார்கள். அப்படி எவராலும் மீற முடியாத ஒழுங்கு ஒன்று உண்டென்றால், மனிதன் அதைக் குலைத்துவிட்டான் என்று இன்று நாம் வருந்துவதற்கு என்ன பொருள்? குலைக்கக்கூடியது என்றால் அதைப் பேரண்ட ஒழுங்கு என்று எப்படிச் சொல்வது? இது என் முதல் ஐயம். சாங்கியத் தத்துவம் கூறும் முக்குணச் சமநிலையும், ஆயுர்வேதம் கூறும் வாத, பித்த, கப தோஷங்களின் சமநிலையும், வேதத்தின் ருதமும் ஒரே கருத்தின் வெவ்வேறு வடிவங்களா, அல்லது நாம்தான் அவற்றை ஒரே கயிற்றில் கட்டுகிறோமா என்பது அடுத்தது. யுகந்தோறும் அறம் தேய்ந்துகொண்டே போவது விதி என்று புராணங்கள் சொல்லும்போது, ஒழுங்கைக் காக்க வேண்டும் என்ற கடமை எங்கிருந்து பிறக்கிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

நூலில் இருக்கும் இடத்தைக் காட்டி விளக்கினால் பேருதவியாக இருக்கும். வெறும் பெருமை பேசும் மறுமொழிகளும், ஒரேயடியாக இகழ்ந்து தள்ளும் மறுமொழிகளும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓலைச்சுவடி

உங்கள் முதல் ஐயம் ரிக் வேதத்திலேயே இருக்கிறது. அதுவும் அடுத்தடுத்த இரண்டு சூக்தங்களில் (பாடல்களில்), ஒரே முனிவரின் பெயரில். முதல் மண்டலத்தின் (நூற்பகுதியின்) 24, 25ஆம் சூக்தங்களைச் சுனச்சேபன் பாடியதாக மரபு கொள்கிறது. வேள்வி விளக்க நூலான ஐதரேய பிராமணம் சொல்லும் கதைப்படி, அரிச்சந்திரன் தன் மகன் ரோகிதனை, ஒழுங்கின் காவல் தெய்வமான வருணனுக்குப் பலியிடுவதாக வாக்களித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறான். இறுதியில் ரோகிதனுக்கு ஈடாக நூறு பசுக்கள் கொடுத்து வாங்கப்பட்டு, வேள்வித் தூணில் கட்டப்பட்டவனே சுனச்சேபன். (பொய்யே பேசாத மயானத்து அரிச்சந்திரனைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சொன்ன சொல்லைத் தவணை போட்டுக் கடத்தும் இந்த அரிச்சந்திரன் வியப்பாகத்தான் இருப்பான்.)

தூணில் கட்டுண்டவன் வானத்தைப் பார்க்கிறான். உயரத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் இந்த விண்மீன்கள் இரவில் தெரிகின்றனவே, பகலில் எங்கே போகின்றன என்று 24ஆம் சூக்தத்தின் பத்தாம் மந்திரம் கேட்கிறது; வருணனின் விரதங்கள் (விதித்த நெறிகள்) பிழைபடாதவை, நிலவு ஒளிர்ந்தபடி இரவில் நடக்கிறது என்று அதே மந்திரம் முடிகிறது. அடுத்த சூக்தம் தொடங்குவதோ, 'வருணனே, நாங்கள் உன் விரதத்தை நாள்தோறும் மீறுகிறோம், எங்களைக் கொலைக்கு ஒப்புக்கொடுத்துவிடாதே' என்ற மன்றாட்டுடன். பிழைபடாத விரதம் என்று சொன்ன வாயே நாள்தோறும் அதை மீறுவதாகவும் சொல்கிறது. இது கவிஞனின் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. விண்மீனின் நடையை எவராலும் கலைக்க முடியாது; மனிதனின் நடை கலையும். கலையும்போது வருணனின் ஒழுங்கில் விரிசல் விழுவதில்லை, கலைத்தவன்மேல் வருணனின் பாசக்கயிறு விழுகிறது. 24ஆம் சூக்தத்தின் கடைசி மந்திரம் அந்தக் கயிற்றைத்தான் மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும் தளர்த்தச் சொல்லி வேண்டுகிறது.

ஏழாம் மண்டலத்தில் வசிட்டர் பாடும் 86ஆம் சூக்தமும் இதே நிலையிலிருந்து எழுகிறது. உன் நண்பனாக இருந்த என்னை வருத்தும் அளவுக்கு நான் செய்த குற்றம் என்ன என்று கேட்கும் அவர், கள், சினம், சூது, கவனமின்மை என்று காரணங்களையும் தேடுகிறார். முன்னோர் செய்த பிழையிலிருந்தும் விடுவிக்குமாறு வேண்டுகிறார். ஆகவே, 'மனிதன் பேரண்ட ஒழுங்கைக் குலைத்துவிட்டான்' என்று வேதக் கவிஞன் சொல்லியிருக்க மாட்டான். 'ஒழுங்கு மனிதனைப் பிடித்துக்கொண்டது' என்றுதான் சொல்லியிருப்பான். இன்றைய சூழலியல் பேச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. இன்று நாம் நம்மைக் காவலர்களாக எண்ணிக்கொண்டு பேசுகிறோம். சுனச்சேபன் பேசுவது பிடிபட்டவனின் பேச்சு.

சமநிலை என்று சொன்னதும் அசைவற்று நிற்கும் ஏதோ ஒன்று மனத்தில் எழுகிறது. வேதம் தரும் உருவமோ சுழலும் சக்கரம். முதல் மண்டலத்தின் 164ஆம் சூக்தத்தில் பன்னிரண்டு ஆரங்கள் கொண்ட ருதத்தின் சக்கரம் வானைச் சுற்றித் தேயாமல் சுழல்கிறது. அதன்மேல் இணை இணையாக 720 புதல்வர்கள் நிற்கிறார்கள். பன்னிரண்டு திங்களும், 360 பகலும், 360 இரவும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் பொருந்திவிடும். பத்தாம் மண்டலத்தின் 190ஆம் சூக்தத்தில் தவத்தின் வெம்மையிலிருந்து ருதமும் சத்தியமும் பிறக்கின்றன. பிறகு இரவு, பிறகு கடல், பிறகு ஆண்டு. கதிரவனையும் நிலவையும் படைத்தவன் 'முன்பு இருந்தபடியே' அமைத்தான் என்று அது சொல்வதைக் கவனியுங்கள். இதற்கு முன்பும் ஒரு சுற்று இருந்தது என்று அந்தச் சொற்களைப் பிற்கால உரைகாரர்கள் விரித்துக்கொண்டார்கள்.

இந்தச் சக்கரத்தில் உயிர்கள் எங்கே நிற்கின்றன என்பதைக் காட்ட எனக்குப் பிடித்த இடம் ஏழாம் மண்டலத்தின் 103ஆம் சூக்தம், தவளைப் பாட்டு. வற்றிய குளத்தில் காய்ந்த தோற்பை போலக் கிடந்த தவளைகள்மேல் மழைநீர் பட்டதும், நோன்பிருந்து முடித்த அந்தணர் போல அவை குரலெடுக்கின்றன. ஆசான் சொல்வதை மாணவன் திருப்பிச் சொல்வது போல ஒன்றின் பேச்சை இன்னொன்று பற்றிக்கொள்கிறது. ஒன்று பசுவைப் போலக் கத்துகிறது, ஒன்று ஆட்டைப் போல. ஒன்று புள்ளி போட்டது, ஒன்று பச்சை. இத்தனை வேடிக்கைக்கும் பிறகு ஒன்பதாம் மந்திரம், இவை பன்னிரு திங்களின் தெய்வ ஒழுங்கைக் காக்கின்றன, உரிய பருவத்தைத் தவறவிடுவதில்லை என்கிறது. இது புரோகிதர்களைக் கேலி செய்யும் பாட்டு என்று சிலர் கருதினார்கள். மழைக்கான மந்திரம் என்று மரபு கொண்டது. எப்படிக் கொண்டாலும் காவல் என்ற பொறுப்பு அங்கே தவளைக்குத் தரப்பட்டிருக்கிறது.

கீதையின் மூன்றாம் அத்தியாயம் சக்கரத்தை மனிதன் கையில் தருகிறது. உணவால் உயிர்கள், மழையால் உணவு, வேள்வியால் மழை, செயலால் வேள்வி என்று 14ஆம் சுலோகம் அடுக்குகிறது. இப்படிச் சுழலவிடப்பட்ட சக்கரத்தைத் தொடர்ந்து சுழற்றாதவன் வீணே வாழ்கிறான் என்று 16ஆம் சுலோகம் முடிக்கிறது. பெற்றதைத் திருப்பித் தராமல் நுகர்பவனை 12ஆம் சுலோகம் கள்வன் என்றே அழைக்கிறது. ருதத்தை இன்றைய வாழ்வோடு இணைக்க விரும்புகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து. வாங்கியதும் கொடுத்ததும் இங்கே கணக்கில் வந்துவிடுகின்றன.

வருணனைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மேற்காசியாவின் இட்டைட்டு அரசுக்கும் மிட்டானி அரசுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையில் சாட்சித் தெய்வங்களாக மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் (அசுவினி தேவர்கள்) ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. ஒழுங்கின் காவலர்களை வாக்குறுதிக்கும் காவலர்களாக வைத்தது அந்த மரபின் இயல்பு.

கடுக்காய்

ஓலைச்சுவடி அவர்களின் விளக்கத்துக்குப் பிறகு முதல் ஐயத்தில் நான் கைவைக்கப் போவதில்லை. இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் எழுதுகிறேன். மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது, குறிப்பாகச் சாங்கியத்தை.

சத்துவம், இராசதம், தாமதம் என்னும் முக்குணங்களின் சமநிலையே பிரகிருதி (மூல இயற்கை) என்பது சாங்கிய சூத்திரத்தின் வரையறை. ஆனால் அந்தச் சமநிலையில் உலகம் இல்லை. வானும் மண்ணும் மனமும் எதுவும் இல்லை. குணங்களில் ஒன்று மேலோங்கி மற்றவை அடங்கும்போதுதான் மகத்தும் (பேரறிவும்), அகங்காரமும் ('நான்' என்ற உணர்வும்), அவற்றைத் தொடர்ந்து ஐம்பூதங்கள் வரையிலான தத்துவங்களும் விரிகின்றன. குணங்கள் மீண்டும் சமமாகும்போது அனைத்தும் ஒடுங்குகின்றன. அதாவது சாங்கியனிடம் போய் 'இயற்கை முழுச் சமநிலையை அடைய வேண்டும்' என்று வாழ்த்தினால், நீங்கள் ஊழியை வேண்டுகிறீர்கள் என்றே அவன் எடுத்துக்கொள்வான். இந்த ஒரு செய்தி தெரிந்தால் பல மேடைப் பேச்சுகள் பாதியில் நின்றுவிடும்.

ஆயுர்வேதத்தின் சமநிலை வேறு வகை. அது அளவைப் பற்றியது. தோஷங்களும் செரிமானத் தீயும் தாதுக்களும் கழிவுகளும் சமமாக இருந்து, ஆன்மாவும் புலன்களும் மனமும் தெளிந்திருப்பவனே நலமுடையவன் என்கிறது சுசுருத சம்ஹிதை. வள்ளுவர் இதையே, 'மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று' என்று ஒன்றே முக்கால் அடியில் முடித்துவிட்டார். இங்கே சமம் என்பது ஒருமுறை எட்டிப் பிடித்துவிட்டு அமர்ந்துவிடும் நிலையன்று. பருவம் மாறும்போது உணவும் உறக்கமும் உழைப்பும் மாற வேண்டும் என்பதற்காகவே இருதுசரியை என்று தனிப் பகுதியே இருக்கிறது.

ஆனால் ஆயுர்வேதம் ருதத்தின் பக்கத்தில் வந்து நிற்கும் ஓரிடம் உண்டு. சரக சம்ஹிதையில் விமான தானம் என்னும் பகுதியின் மூன்றாம் அத்தியாயம் நாடே அழியும் கொள்ளைநோயைப் பற்றிப் பேசுகிறது. பாஞ்சாலத் தலைநகரான காம்பில்யத்தில், கோடைக் காலத்தில், கங்கைக் கரைக் காட்டில் புனர்வசு ஆத்திரேயர் மாணவர்களோடு நடந்துகொண்டிருக்கிறார். விண்மீன்களும் கோள்களும் காற்றும் தம் இயல்பில் தெரியவில்லை என்பதைக் காட்டி, இனி நிலம் மூலிகைகளுக்கு உரிய சுவையையும் வீரியத்தையும் தராது, ஆகவே அவை வலுவிழப்பதற்கு முன்பே பறித்துச் சேர்த்துவையுங்கள் என்று அக்னிவேசனிடம் சொல்கிறார். அக்னிவேசன் கேட்கும் கேள்வி நம் காலத்துக்கும் உரியது: உடல்வாகு வேறு, உணவு வேறு, வயது வேறு என்றிருக்கும் மக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே நோயால் அழிவது எப்படி? காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொது; அவை கெட்டால் எல்லோரும் கெடுவர் என்பது ஆசிரியரின் விடை. இந்த நான்கில் பின்னது ஒவ்வொன்றும் முன்னதைக் காட்டிலும் தவிர்க்க அரியது என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். கெட்ட காற்றிலிருந்து விலகிப் போகலாம். கெட்ட காலத்திலிருந்து எங்கே விலகுவது?

அந்த நான்கும் ஏன் கெடுகின்றன என்று மேலும் கேட்டால், அறம் பிழைத்தல்தான் வேர் என்கிறார். நாட்டையும் நகரையும் ஆள்வோர் அறம் தவறுவதில் தொடங்கி, அவர்களை அண்டியிருப்போரும் வாணிகத்தால் பிழைப்போரும் அதை வளர்ப்பதாக வரிசைப்படுத்துகிறார். போரினால் வரும் அழிவையும் அதே அத்தியாயத்தில் இதே வேரிலிருந்து கிளைக்க வைக்கிறார். ஒரு மருத்துவ நூல் நோய்க்காரணத்தை அரண்மனையிலிருந்து எண்ணத் தொடங்குவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

வைகறை

இருவருக்கும் நன்றி. சாங்கியச் சமநிலை என்பது ஒடுக்கம் என்ற செய்தி எனக்குப் புதியது. ஓர் உறுத்தல் மட்டும் எஞ்சி நிற்கிறது. அறம் தவறினால் மழை தவறும் என்று சொல்லிவிட்டால், மழை தவறிய ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரைக் குற்றவாளியாக்கும் வழியும் திறந்துவிடுகிறதே. அந்த 'யாரோ ஒருவர்' பெரும்பாலும் எளியவராகத்தானே இருப்பார்?

ஐயவினா

நீங்கள் தொட்ட இடம் வலிக்கும் இடம். அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் ஓர் அந்தணர் இறந்துபோன தன் இளமகனை அரண்மனை வாயிலில் கிடத்தி, அரசன் பிழையால்தான் இது நேர்ந்தது என்று கதறுகிறார். சூத்திரன் ஒருவன் தவம் செய்வதே காரணம் என்று நாரதர் அவையில் சொல்கிறார். இராமன் புட்பகத்தில் ஏறித் தேடிச் சென்று, தலைகீழாக நின்று தவம் செய்த சம்பூகனை வெட்டுகிறான். மகன் உயிர் பெறுகிறான். பேரண்ட ஒழுங்கு என்னும் கருத்து சமூக ஏணிக்குக் காவலாக நின்றால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். உத்தர காண்டம் பிற்காலச் சேர்க்கை என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனாலும் சேர்த்தவர்களும் இந்த மரபுக்குள் இருந்தவர்கள்தாமே.

வேரும் ஆழத்தில்தான் இருக்கிறது. பத்தாம் மண்டலத்தின் புருட சூக்தத்தில் நிலவு மனத்திலிருந்தும் கதிரவன் கண்ணிலிருந்தும் பிறக்கும் அதே உடலில், வாய் அந்தணனாகவும் கைகள் அரசனாகவும் தொடைகள் வைசியனாகவும் ஆகின்றன, பாதங்களிலிருந்து சூத்திரன் பிறக்கிறான். கதிரவன் உதிப்பதும் ஒருவன் இன்ன குலத்தில் பிறப்பதும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த மந்திரங்களாக வரும்போது, இரண்டுமே கேள்விக்கு அப்பாற்பட்ட இயற்கை என்று தோன்றிவிடுகிறது. ருதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் விண்மீனையும் தவளையையும் எடுத்துக்கொண்டு இந்த மந்திரத்தை மட்டும் விட்டுவிடுவது நேர்மையாகாது.

ஆனால் குற்றத்தைக் கீழே தள்ளாமல் மேலே ஏற்றும் இன்னொரு போக்கும் இதே மண்ணில் இருந்தது. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம், 'மாரி பொய்ப்பினும் வாரி குன்றினும், இயற்கை அல்லன செயற்கையில் தோன்றினும், காவலர்ப் பழிக்கும் இக்கண்ணகன் ஞாலம்' என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். மழை பொய்த்தது உன் பிழையா இல்லையா என்ற ஆராய்ச்சிக்குள் அவர் போகவே இல்லை. பழி உன்னைத்தான் சேரும், ஆகவே உழுகிறவனின் சுமையைக் குறை என்கிறார். அப்பாட்டைப் பாடி நிலத்தின் பழைய வரிக்கடனை நீக்கச் செய்தார் என்று பாட்டின் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது. அண்ட ஒழுங்கைப் பற்றிய நம்பிக்கை இங்கே வரித் தள்ளுபடியாக முடிந்திருக்கிறது. குறளும் 'முறைகோடி மன்னவன் செய்யின் உறைகோடி ஒல்லாது வானம் பெயல்' என்று அரசனின் முறையைத்தான் மழையோடு கட்டுகிறது.

ஆகவே, வைகறை அவர்களே, 'அறம் தவறினால் மழை தவறும்' என்று யாராவது சொன்னால், யாருடைய அறம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். நாரதர் சொன்ன விடையும் நாகனார் சொன்ன விடையும் ஒன்றாகா.

மருதநிலம்

யுகங்களைப் பற்றிய மூன்றாவது ஐயத்துக்கு இன்னும் ஒருவரும் விடை எழுதவில்லை என்பதால் வருகிறேன். கணக்கு எல்லோரும் அறிந்ததுதான்: கலியுகம் 4,32,000 ஆண்டுகள், அதன் இரு மடங்கு துவாபரம், மும்மடங்கு திரேதை, நான்கு மடங்கு கிருதம்; நான்கும் சேர்ந்த 43,20,000 ஆண்டுகள் ஒரு மகாயுகம்; ஆயிரம் மகாயுகங்கள், அதாவது 432 கோடி ஆண்டுகள், பிரம்மனின் ஒரு பகல். அறம் என்னும் எருது யுகத்துக்கு ஒரு காலை இழந்து கலியில் ஒற்றைக்காலில் நிற்கிறது.

இதைக் கேட்டதும் 'எல்லாம் கலிகாலம்' என்று கையை விரித்துவிடுவது நம் வழக்கம். பாகவதம் அப்படி விரிக்கவில்லை. முதல் கந்தத்தின் (பகுதியின்) 17ஆம் அத்தியாயத்தில், அரச வேடமிட்ட ஒருவன் ஒற்றைக்கால் எருதைத் தடியால் அடிப்பதைப் பரீட்சித்து மன்னன் பார்க்கிறான். அடிப்பவன் கலி. தவமும் தூய்மையும் இரக்கமும் ஆகிய மூன்று கால்கள் போய், வாய்மை என்ற ஒரே காலில் எருது நிற்கிறது. கலி வந்துதான் தீரும் என்ற கணக்கு இருக்கும்போதே, பரீட்சித்து வாளை உருவுகிறான். கலி காலில் விழுந்ததும் கொல்லாமல் விட்டு, சூது, கள், தகாத காமம், கொலை நடக்கும் இடங்களில் மட்டும் தங்கிக்கொள் என்று எல்லை கட்டுகிறான். கலி மேலும் கெஞ்சவே பொன்னையும் சேர்த்துக் கொடுக்கிறான். (பொன்னைக் கொடுத்த பிறகு எல்லை என்ன எல்லை என்று கேட்கத் தோன்றும், கதை சொன்னவருக்கும் அந்தக் குறும்பு இருந்திருக்க வேண்டும்.) மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பீடுமர் (பீஷ்மர்) இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார்: காலம் அரசனை ஆக்குகிறதா, அரசன் காலத்தை ஆக்குகிறானா என்ற ஐயமே வேண்டாம், அரசனே காலத்துக்குக் காரணம். செங்கோல் முழுமையாக நடந்தால் அதுவே கிருதயுகம் என்பது அவர் கருத்து. யுகக் கணக்கும் இந்த வாக்கும் ஒன்றோடொன்று உரசத்தான் செய்கின்றன. உரசலை மறைக்காமல் இரண்டையும் ஒரே இதிகாசம் வைத்துக்கொண்டிருக்கிறது.

அரசனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வீட்டில் இருப்பவனுக்கு வேலையில்லை என்றாகிவிடும். மனுவின் நூல் மூன்றாம் அத்தியாயத்தில் இல்லறத்தான் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருப்பதாகச் சொல்கிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம். அடுப்பு எரியும்போதும் துடைப்பம் பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் சாகின்றன. அதற்கு ஈடாகத்தான் நாள்தோறும் ஐந்து வேள்விகள் விதிக்கப்பட்டன. அவற்றுள் பூத வேள்வி என்பது நாய்க்கும் காக்கைக்கும் புழுபூச்சிக்கும் சோறு வைப்பது. மனுவின் நூலில் நான் ஏற்காதவை ஏராளம். ஐயவினா அவர்கள் சொன்ன குற்றச்சாட்டு அந்த நூலுக்கும் முழுமையாகப் பொருந்தும். ஆனாலும் கொல்லாமல் சமைக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, அந்தக் கடனை அன்றன்றே அடைக்கச் சொல்லும் இந்தப் பகுதி கூர்மையானது.

இதே உணர்வு அதர்வ வேதத்தின் பூமி சூக்தத்தில் இன்னும் அழகாக வருகிறது. 63 மந்திரங்கள் கொண்ட அச்சூக்தம், வாய்மையும் ருதமும் தவமும் வேள்வியும் நிலத்தைத் தாங்குகின்றன என்று தொடங்குகிறது. 35ஆம் மந்திரத்தில் மண்ணைத் தோண்டுகிறவன் பேசுகிறான்: நிலமே, உன்னிடமிருந்து நான் எதைத் தோண்டி எடுக்கிறேனோ அது விரைவில் மீண்டும் முளைக்கட்டும், உன் உயிர்நிலையை நான் துளைக்காதிருப்பேனாக, உன் இதயத்தைத் துளைக்காதிருப்பேனாக. தோண்டவே மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. எவ்வளவு ஆழம், எந்த இடம், திரும்ப முளைக்குமா என்ற மூன்றும் அவனை உறுத்துகின்றன.

அழிவைப் பற்றியும் ஒரு சொல். சைவ சித்தாந்தத்தில் இறைவனின் ஐந்தொழில்களில் அழித்தலும் ஒன்று. அதைச் சிவஞான சித்தியார் 'அழிப்பிளைப் பாற்றல்' என்கிறது. பிறந்து பிறந்து இளைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் தருவதே ஒடுக்கம். கடுக்காய் அவர்கள் சொன்ன சாங்கிய ஒடுக்கத்தோடு இதைப் பொருத்திப் பார்க்கலாம். வேறுபாடு என்னவென்றால், அங்கே குணங்கள் தாமே சமமாகின்றன, இங்கே ஒருவன் அருளோடு ஒடுக்குகிறான்.

ஓலைச்சுவடி

ஐயவினா அவர்களின் கருத்தை ஏற்கிறேன். புருட சூக்தத்தை நான் தொடாதது கேள்வி வருணனைப் பற்றி இருந்ததால்தான் என்றாலும், ருதத்தின் வரலாற்றில் அதைத் தவிர்க்க முடியாது. ஒழுங்கு மனிதனைப் பிடிக்கிறது என்று நான் எழுதியதும், யாரைப் பிடிக்கிறது என்று தீர்ப்பளிக்கும் உரிமையை மனிதர்கள் எடுத்துக்கொண்டதும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

வைகறை அவர்களின் உறுத்தலுக்குச் சதபத பிராமணத்தின் பதினோராம் காண்டத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் ஒரு வாக்கு உண்டு. நீரே தருமம், இவ்வுலகுக்கு நீர் வரும்போது அனைத்தும் தருமப்படி நடக்கின்றன, மழை இல்லாதபோது வலியவன் மெலியவனிடமிருந்து பறித்துக்கொள்கிறான் என்கிறது அது. அறம் தவறினால் மழை தவறும் என்ற வழக்கமான வரிசை இங்கே தலைகீழாக நிற்கிறது: மழை தவறினால் அறம் தவறும். குற்றவாளியைத் தேடும் வேலையே இங்கு இல்லை. பஞ்சத்தில் மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்களின் கூற்றாகவே இது எனக்குப் படுகிறது.

வான்சிறப்பில் வள்ளுவரும் இந்தத் திசையிலேயே நடக்கிறார். 'நீர்இன்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் வான்இன்று அமையாது ஒழுக்கு' என்ற குறளில் கடைசிச் சொல்லுக்கு நீரின் ஓட்டம் என்றும் மனிதரின் ஒழுக்கம் என்றும் இருவகையாக உரை கண்டிருக்கிறார்கள். சதபத பிராமணத்தின் வாக்கை அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டாவது உரைக்கு வலுக் கூடுகிறது. அதே அதிகாரத்தில் 'சிறப்பொடு பூசனை செல்லாது வானம் வறக்குமேல் வானோர்க்கும் ஈண்டு' என்ற குறளும் உண்டு. கீதையில் வேள்வியால் மழை வருகிறது. இங்கே மழை நின்றால் வானோர்க்கு நடக்கும் பூசையும் நின்றுவிடுகிறது. சக்கரத்தை எந்த ஆரத்திலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் இருவரும் வேறுபடுகிறார்கள். என்னைக் கேட்டால், பயிர் செய்கிறவன் வள்ளுவரின் வரிசையில்தான் எண்ணுவான்.